மலைக்கு மலை கேட்கும் குரல்: குரல்வளைக்குள் நடப்பது என்ன?

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில், காலை வேளையில் தேயிலை மலைகளுக்கு எதிரே சற்று நின்றால் ஒரு கூப்பாடு கேட்கும். கீழ் மலையில் நிற்கும் ஒருவர் மேல் மலையில் நிற்பவரை அழைக்கிறார். பெயர் முழுதாக விளங்காது. பெயரின் கடைசி எழுத்து மட்டும் நீண்டு மூடுபனிக்குள் ஏறி வரும். சற்று நேரத்தில் மேலேயிருந்து ‘ஓ...’ என்று பதில் இறங்கும். கைத்தொலைபேசி வந்த பிறகும் இந்தக் கூப்பாடு நின்றுவிடவில்லை. கொழுந்து பறிக்கும் இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது வாய்தான் தொலைபேசி.

மலையக மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் சொல் ‘குரலற்றவர்கள்’ என்பது. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அதைத் தொடர்ந்து பறிபோன வாக்குரிமையையும் எண்ணிப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால், தோட்டத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மக்கள் விடிந்தது முதல் குரலால் வேலை செய்கிறவர்கள். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது, மலையில் நிரை பிரித்துவிடுவது, கொழுந்து மடுவத்தில் நிறை சொல்வது, பிள்ளை மடுவத்தில் குழந்தைகளை அதட்டுவது, மாசி மாதத்தில் விடிய விடியக் காமன் கூத்துப் பாடுவது, சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பது என எல்லாமே தொண்டையின் உழைப்பு.

கை தேய்ந்தால் காய்ப்பு தெரியும். முதுகு வலித்தால் எண்ணெய் போடுவோம். குரல் தேய்வதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘பனி ஒத்துக்கவில்லை’ என்று சொல்லி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சில வேளைகளில் அது உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. அதனால் குரல் பிறக்கும் இடத்தை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

கழுத்துக்குள் ஒரு வாசல்

இரண்டு விரல்களைக் கழுத்தின் முன்புறம் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். மேலே ஏறி இறங்குகிற கெட்டியான பகுதிதான் குரல்வளை. ஆண்களுக்குச் சற்று முன்தள்ளித் தெரியும் ‘சங்கு’ அதன் முன்சுவர். பழந்தமிழில் இந்த இடத்துக்கு மிடறு என்று பெயர்.

குரல்வளை எலும்பால் ஆனதல்ல. பள்ளிப் புத்தகம் கசியிழையம் என்று சொல்லும் ஒன்பது குருத்துத் துண்டுகளால் ஆனது. முன்னே கேடயம் போல ஒன்று. அதன் கீழே, பின்பக்கம் அகன்ற மோதிரம் போல ஒன்று. மேலே இலை வடிவில் ஒரு மூடி. மோதிரத்தின் பின்விளிம்பில் முக்கோண வடிவில் இரண்டு சிறு துண்டுகள். அவற்றோடு ஒட்டிய மிகச் சிறிய துண்டுகள் நான்கு. இவற்றைத் தசைகளும் நார்களும் பிணைத்து வைத்திருக்கின்றன.

கேடயத்தின் உட்பக்கத்திலிருந்து பின்னால் உள்ள இரண்டு முக்கோணத் துண்டுகள் வரை, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு மடிப்புகள் கிடக்கின்றன. இவையே குரல்நாண்கள். ‘நாண்’ என்றதும் வீணைத் தந்தியை நினைத்துவிடக் கூடாது. இவை இரண்டு உதடுகளைப் போன்றவை. வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீற்றர் நீளம். பெண்ணுக்கு ஏறத்தாழ 12 முதல் 17 மில்லிமீற்றர். ஒரு தேயிலைத் துளிரின் நீளம் கூட வராது.

இந்த மடிப்புகளின் முதல் வேலை குரல் கொடுப்பதல்ல, காவல் காப்பது. சோறும் தண்ணீரும் வாதனாளிக்குள், அதாவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல், விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே ஏறுகிறது, மூடி சாய்கிறது, மடிப்புகள் இறுக மூடுகின்றன. அந்தக் காவல் ஒரு கணம் தவறினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். உள்ளே நடப்பது தவறி வந்த பருக்கையை வெளியே தள்ளும் போராட்டம்.

இரண்டாவது வேலை, பாரம் தூக்க உதவுவது. நிறைந்த கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது நம்மை அறியாமலே மூச்சை அடக்குகிறோம். மடிப்புகள் மூடி, நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு, உடல் விறைத்துக்கொள்கிறது. அந்தப் பிடிமானத்தில்தான் கையும் முதுகும் பாரத்தைத் தாங்குகின்றன. மூட்டையை இறக்கி வைத்ததும் வருகிற ‘ஹா’ என்ற ஒலி, அடைபட்ட வாசல் திறக்கும் ஒலி. பிள்ளை பெறும் தாய் முக்குவதும் இதே வாசலை மூடிக்கொண்டுதான்.

குரல் என்பது இந்தக் காவல் வாசலுக்கு மனிதர் கொடுத்த மூன்றாவது வேலை.

காற்று ஒலியாகும் விதம்

சிறு பிள்ளைகள் உதடுகளை ஒட்டி வைத்து ‘ப்ர்ர்’ என்று ஊதி லொறி ஓட்டுவதைப் பார்த்திருப்போம். பிள்ளை உதட்டை ஒவ்வொரு முறையும் தானாகத் திறந்து மூடுவதில்லை. காற்றை அனுப்பினால் போதும், உதடு தானே அதிரும். குரல்நாண்களும் அப்படியே.

சுவாசிக்கும்போது மடிப்புகள் இரண்டும் விலகி ‘வி’ போன்ற இடைவெளியுடன் இருக்கும். பேச நினைத்ததும் பின்னால் உள்ள முக்கோணத் துண்டுகள் திரும்பி மடிப்புகளை நடுவுக்குக் கொண்டுவருகின்றன. நுரையீரலிலிருந்து ஏறி வரும் காற்று மூடிய கதவின் கீழே சேர்ந்து அழுத்துகிறது. அழுத்தம் போதியதானதும் மடிப்புகள் பிளந்து ஒரு துளிக் காற்று வெளியேறுகிறது. காற்று விரைந்து பாயும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. மடிப்புகளுக்கு இயல்பாகவே உள்ள இழுவிசையும் சேர்ந்து அவற்றை மீண்டும் ஒட்ட வைக்கிறது. மறுபடியும் அழுத்தம், மறுபடியும் பிளவு. இது ஒரு நொடிக்குள் ஆணுக்கு 100 முதல் 130 முறை வரையும், பெண்ணுக்கு 200 முறை அளவிலும் நடக்கிறது. பிறந்த குழந்தையின் அழுகையில் 400 முறைக்கும் மேல்.

இந்தச் செய்தி நெடுநாள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1854ஆம் ஆண்டு, மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சித் தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். மடிப்புகளின் ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்று 1950களிலும் ஒரு வாதம் இருந்தது. காற்றும் தசையின் இழுவிசையுமே அதிர்வை உண்டாக்குகின்றன என்பதை 1958இல் வான் டென் பெர்க் என்ற ஒல்லாந்து அறிஞர் விளக்கினார்.

மடிப்பின் அமைப்பும் இதற்கு ஏற்றதாக இருக்கிறது. உள்ளே தசை. வெளியே மெல்லிய தோல். இரண்டுக்கும் நடுவே ஜெலி போன்ற ஓர் அடுக்கு. காய்ச்சிய பாலின் மேல் ஆடை நழுவுவது போல, தோல் இந்த அடுக்கின் மேல் அலை அலையாக நழுவும். அந்த அடுக்கு ஈரமாக, மென்மையாக இருந்தால் குரல் தெளிவாக இருக்கும். அது வீங்கினாலோ தடித்தாலோ குரல் கம்மும்.

மடிப்புகள் தருவது வெறும் ரீங்காரம் மட்டும்தான். அதை ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் ஆக்குவது தொண்டை, நாக்கு, உதடு, மூக்கு ஆகியவற்றின் வேலை. அடியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் சேர்க்கையால் எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் எட்டு இடங்களைச் சொல்கிறது. கண்ணாடியும் கருவியும் இல்லாத காலத்தில் காதாலும் விரலாலும் கண்டறிந்த கணக்கு அது. நாமும் செய்து பார்க்கலாம். கழுத்தில் விரல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொன்னால் அதிர்வு இராது. ‘ம்ம்ம்’ என்றால் அதிரும். ‘பல்’ என்பதில் வரும் ‘ப’வுக்கு மடிப்புகள் அதிர்வதில்லை, ‘அம்பு’ என்பதில் வரும் ‘பு’வுக்கு அதிர்கின்றன. எழுத்து ஒன்று, தொண்டையில் நடப்பது வேறு.

குரலை உயர்த்தவும் தாழ்த்தவும் மடிப்புகளை இழுத்துத் தளர்த்த வேண்டும். கேடயத் துண்டு முன்னோக்கிச் சாயும்போது மடிப்புகள் நீண்டு மெலிந்து சுருதி ஏறுகிறது. பதின்ம வயதில் பையன்களின் குரல்வளை விரைவாக வளர்ந்து மடிப்புகள் நீளும்போது மகரக்கட்டு உடைகிறது. காமன் கூத்தில் ரதி வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே கட்டுவார்கள். அவர் பெண் குரலில் பாடும்போது, மடிப்புகளை மிக நீட்டி, அவற்றின் மெல்லிய ஓரத்தை மட்டும் அதிரவிடுகிறார். அது கள்ளக்குரல் அல்ல. அதே மடிப்புகளின் இன்னொரு இயக்கம்.

தூரம் போகும் குரல்

ஒலிக்கும் கேட்பவருக்கும் இடையிலான தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபெல் குறையும். முதலில் அழிந்துபோவது வல்லின எழுத்துகளின் மெல்லிய வெடிப்புகள். கடைசிவரை தாக்குப் பிடிப்பவை உயிரெழுத்துகள். மலையிலிருந்து கூப்பிடுகிறவர் பெயரின் கடைசி உயிரை நீட்டுவது பழக்கத்தால் வந்த அறிவு. வாயை அகலத் திறப்பதும், சுருதியை ஏற்றுவதும் அதற்குத்தான். குரலை உயர்த்திக் கூப்பிடும்போது மடிப்புகள் பட்டென்று மூடுவதால் ஒலியில் உச்ச அதிர்வுகள் கூடுகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான அந்தப் பகுதியைத்தான்.

இயற்கையும் கொஞ்சம் கைகொடுக்கிறது. இரவில் குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கிவிடும். அதன் மேல் சற்று வெப்பமான காற்று மூடியிருக்கும். விடியற்காலையில் எழும் ஒலி மேலே போய்த் தொலைந்துவிடாமல் வளைந்து கீழே திரும்பும். காலைக் கூப்பாடு நண்பகல் கூப்பாட்டைவிடத் தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையகத்தில் இந்த அறிவை அரசியலுக்குப் பயன்படுத்திய ஒருவர் மீனாட்சி அம்மையார். தஞ்சாவூரிலிருந்து வந்து, 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம். மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதிப் பாடினார். பாட்டைக் கேட்டு மக்கள் கூடினார்கள். பிறகு பேச்சு நடந்தது. பேசும் சொல் தேய்ந்துபோகும் தூரத்திலும் பாடும் சொல் கேட்கும். பாட்டில் உயிரெழுத்து நீள்கிறது, சுருதி ஏறுகிறது, சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது மனதில் நின்றது. பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது, அவை ஏட்டில் இருந்து வரவில்லை. தொண்டைகளில் இருந்தே வந்தன.

குரல் தேய்வது எப்படி

பெண் ஒருவர் இடைவிடாமல் ஒரு மணிநேரம் குரல் கொடுத்தால் மடிப்புகள் ஏறத்தாழ 720,000 முறை மோதிக்கொள்ளும். சாதாரணப் பேச்சில் அந்த மோதல் மென்மையானது. கத்தும்போது கைதட்டுவது போன்றது. நாள்தோறும் கத்தினால், மடிப்புகள் அதிகமாக மோதும் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் சிறு முடிச்சுகள் உண்டாகும். கவ்வாத்துக் கத்தி பிடித்தவரின் உள்ளங்கையில் விழும் காய்ப்பைப் போன்றவை இவை. புற்றுநோய் அல்ல. ஆனால் மடிப்புகள் சரியாக மூடாமல், நடுவே காற்று ஒழுகி, குரல் கரகரக்கும். அதைச் சரிக்கட்ட மேலும் அழுத்திப் பேசுவோம். முடிச்சு மேலும் தடிக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில், அரைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்கிறவர்கள் வெளியே வந்த பிறகும் உரக்கப் பேசுவதைப் பார்க்கலாம். சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை 1911இல் எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் எடுத்துக்காட்டினார். அந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. தடுப்புச் சுவரில்லாத ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் நடக்கும் பாடசாலைகளிலும் இதுவே நடக்கிறது. பக்கத்து வகுப்பின் சத்தத்துக்கு மேலே கேட்க ஆசிரியர் கத்துகிறார். அதற்கு மேலே கேட்க அடுத்த ஆசிரியர் கத்துகிறார். உலகெங்கும் குரல் நோய்க்கு அதிகம் ஆளாகிறவர்களில் ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

தோட்டத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. மலையில் கழிப்பறை இல்லாததால், வேலைக்குப் போகும் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று பற்றிப் பேசும்போது இது சொல்லப்படுகிறது. குரலுக்கும் இது கேடு. உடல் வறண்டால் மடிப்புகளின் மேல் உள்ள ஈரம் கெட்டியாகும். அவற்றை அதிரவைக்க அதிக அழுத்தம் தேவைப்படும். கழிப்பறைக் கோரிக்கை குரலுக்கான கோரிக்கையும்தான்.

லயன் அறையின் விறகுப் புகை, பீடி, சிகரெட், நெஞ்செரிச்சலின்போது மேலேறும் புளித்த அமிலம் ஆகியவை மடிப்புகளை வீங்கச் செய்கின்றன. குரல்வளைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் புகைத்தல். அதோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. குளிருக்குப் போடும் வெற்றிலை, பாக்கு, புகையிலை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்குகின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிப்படுத்தியிருக்கிறது.

தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீர் கொப்பளிப்போம். தொண்டைக்கு அது இதம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். மடிப்புகள் வரை போவது மூச்சோடு போகும் நீராவி மட்டுமே. தண்ணீர் குடிப்பதும், இரண்டு மூன்று நாள் குறைவாகப் பேசுவதும் நல்ல மருந்து. அழுத்திக் கிசுகிசுப்பது ஓய்வல்ல. பலருக்கு அது மடிப்புகளை மேலும் இறுக்கும்.

நெஞ்சைச் சுற்றி வரும் நரம்பு

மலைநாட்டில் எதிரே தெரியும் தோட்டத்துக்குப் போக, ஆறு வரை இறங்கிப் பாலம் தாண்டிச் சுற்றி ஏற வேண்டியிருக்கும். குரல்வளைக்குப் போகும் நரம்பும் அப்படிப்பட்ட சுற்றுவழியில் போகிறது. இடப்புற நரம்பு மூளையின் அடியிலிருந்து இறங்கி, குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. வலப்புற நரம்பு தோள்பட்டைக்குப் போகும் நாடியைச் சுற்றித் திரும்புகிறது.

அதனால் குரல் மாற்றத்தின் காரணம் எப்போதும் தொண்டையில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. நுரையீரலில் வளரும் கட்டி, நெஞ்சுக்குள் வீங்கிய நெறிக்கட்டி, விரிந்த நாடி ஆகியவை அந்த நரம்பை அழுத்தி ஒரு பக்க மடிப்பை அசைவற்றதாக்கலாம். கழுத்துக் கழலைக்குச் செய்யும் சத்திரசிகிச்சையின் பின்னும் இது நேரலாம். குரல் மூச்சுக்காற்றோடு கலந்து பலவீனமாக வரும். தண்ணீர் குடித்தால் புரையேறும். மடிப்புகளைத் திறப்பதற்கு இருப்பது ஒரே ஒரு சோடித் தசை. இரண்டு பக்க நரம்பும் பாதிக்கப்பட்டால் பேச்சு ஓரளவு வரும், ஆனால் மூச்சு அடைக்கும். அது உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலை.

காயமில்லாமல் போன குரல்

இந்தப் பகுதி போரைக் கடந்து வந்தவர்களுக்கு. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் பல. தோட்டத்தில் தப்பியவர்கள் 2009இல் வன்னியில் மறுபடியும் போரைச் சந்தித்தார்கள். கழுத்தில் பட்ட எறிகணைச் சிதறல், தீவிர சிகிச்சையில் நாட்கணக்கில் தொண்டையில் இருந்த செயற்கைச் சுவாசக் குழாய் போன்றவற்றால் குரல் மாறியவர்கள் உண்டு. குழாய் பட்ட இடத்தில் தழும்பு விழுந்து, மூச்சுப் பாதை மாதங்களுக்குப் பிறகும் மெல்லச் சுருங்கலாம். படியேறும்போது மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலி வந்தால், பழைய காயம்தானே என்று விடக் கூடாது.

காயமே இல்லாமல் குரல் போனவர்களும் இருக்கிறார்கள். முதலாம் உலகப் போரில், உடலில் ஒரு கீறலும் இல்லாத படைவீரர்கள் பலர் குரலிழந்து திரும்பினார்கள். நடிக்கிறார்கள் என்று சந்தேகித்து, லண்டனில் சிலருக்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிக் கூடச் சிகிச்சை செய்தார்கள். அது நடிப்பல்ல என்பது இன்று தெளிவு. பேரச்சமும் துயரமும் குரல்வளையின் தசைகளை இறுக்கிவிடுகின்றன. பேச நினைத்தால் மடிப்புகள் ஒன்று சேர மறுக்கின்றன. அழுகை வரும்போது தொண்டை அடைப்பதை எல்லோரும் அறிவோம். இது அந்த அடைப்பு நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பது போன்றது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பேசினால் கிசுகிசுப்பு மட்டுமே வரும். ஆனால் இருமினால், சிரித்தால், கனைத்தால் ஒலி வரும். ஒலி வருகிறது என்றால் மடிப்புகள் இயங்குகின்றன. முதலில் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் உள்ளே பார்த்து வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு பேச்சுச் சிகிச்சையாளர் அந்த இருமலையே ‘ம்’ ஆக்கி, ‘ம்’மை ‘மா’ ஆக்கி, படிப்படியாகச் சொல்லுக்குக் கொண்டுவருவார். பலருக்குக் குரல் திரும்புகிறது. மனத்துயருக்கான உதவியும் சேர்ந்தால் அது நிலைக்கிறது. இலங்கையில் பேச்சுச் சிகிச்சையாளர்கள், குறிப்பாகத் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள், மிகக் குறைவு என்பதும் உண்மை. குரல் இழந்தவரிடம் ‘பேசு, பேசு’ என்று அதட்டாமல் இருப்பது வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி.

எப்போது காட்ட வேண்டும்

தடிமலோடு வரும் குரலடைப்பு பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால் காத்திருக்கக் கூடாது. புகைப்பவர், மது அருந்துபவர், வெற்றிலை போடுபவர் இந்தக் கணக்கைக் கண்டிப்பாக மனதில் வைத்திருக்க வேண்டும். விழுங்க முடியாமை, இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி, காரணமில்லாத காதுவலி, உடல் மெலிவு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மூன்று வாரம் வரை பார்த்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய் குரல்வளையையும் தாக்கும். அதற்கான சிகிச்சை அரசாங்கத்தில் இலவசம்.

தோட்ட மருத்துவ நிலையத்தில் தரும் இருமல் மருந்தோடு திரும்பிவிடாமல், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ கடிதம் கேட்டு வாங்க வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவில், மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றைச் செலுத்தி மடிப்புகளைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கார்சியா வெயிலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்த்ததையே இப்போது திரையில் காட்டுகிறார்கள்.

குரல்நாணில் தொடங்கும் புற்றுநோயில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு சிறு புள்ளி தோன்றினாலே குரல் கம்மும். மற்ற இடத்துப் புற்றுநோய் ஒளிந்து வளரும். இது முதல் நாளிலேயே சத்தம் போடும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் கதிர்ச் சிகிச்சையாலோ சிறு சத்திரசிகிச்சையாலோ பெரும்பாலானோர் குணமடைகிறார்கள், குரலும் மிஞ்சும். தாமதித்தால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டி வரலாம். அதன் பிறகும் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி, சிறு வால்வு, உணவுக்குழாயால் பேசும் பயிற்சி ஆகிய வழிகள் உண்டு. ஆனால், தாலாட்டுப் பாடிய அந்தக் குரல் திரும்பாது.

வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பது தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் காரணம். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சிறிய காரணம் அல்ல. ஒரு நாள் பேரை இழக்காமல் வைத்தியரைப் பார்க்க வழி செய்ய வேண்டியது தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பு. அதைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களின் பொறுப்பு. அதுவரை, பக்கத்து லயத்தில் யாருடைய குரலாவது ஒரு மாதமாகக் கம்மியிருந்தால், பனியின் மேல் பழி போடாமல், ‘எத்தனை வாரமாச்சு அக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தால் மறுநாள் காலையில் கூடவே பஸ் ஏறுங்கள்.